அக்கா ஏறிய டாக்சி

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் டாக்சி ஸ்டாண்டில் ராஜகோபாலை இரண்டு விஷயங்களுக்காகக் கிண்டல் செய்வார்கள். ஒன்று, தன் அம்பாசிடரின் ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட அவர் விடமாட்டார். முன்னால் நிற்கும் வண்டி சவாரிக்குப் போய்விட்டால் வரிசை நகர வேண்டும். டீ குடிக்கப் போனவனின் வண்டியைப் பக்கத்தில் இருப்பவன் முன்னே எடுத்து நிறுத்துவான். அதுதான் ஸ்டாண்டு வழக்கம். ராஜகோபாலோ டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி ஓடி வந்து தன் வண்டியைத் தானே நகர்த்துவார். இன்னொன்று, ஆள் ஏறிவிட்டால் அவர் வாயே திறக்க மாட்டார்.

"நம்ம அண்ணன் வண்டியில புருசனும் பொண்டாட்டியும் மீனம்பாக்கம் வரைக்கும் அடிச்சிக்கினு போனாங்க. எறங்கும்போது இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'குடைய மறந்துடாதீங்க'ன்னாரு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான் சவுரிமுத்து. அவனும் அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன்தான். ராஜகோபாலைவிட ரொம்ப இளையவன். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நல்லவன்.

ராஜகோபால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். பின் சீட்டில் பேசுவது முன் சீட்டுக்காக இல்லை என்பது அவர் கொள்கை. போகிற இடத்தைப் பற்றியும் சவாரி வருபவரிடம் நல்லது கெட்டது சொல்ல மாட்டார். ஒருமுறை யாரோ கேட்டார்களே என்று ஒரு லாட்ஜை நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அந்த ஆள் கை முழுக்க மூட்டைப்பூச்சி கடித்த தடிப்போடு ஸ்டாண்டுக்கே வந்து சண்டை போட்டான். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "எனக்குத் தெரியாது சார்" என்பதோடு சரி.

அவருக்கு வீடு பொழிச்சலூரில். வீட்டில் அவரும் அவருடைய அக்கா கங்கையம்மாளும் மட்டும்தான். அக்காவுக்கும் அவருக்கும் பதினாலு வயது வித்தியாசம். கல்யாணமாகிப் போன அக்கா, புருஷன் செத்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தபோது ராஜகோபால் இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அம்மா இறந்துபோயிருந்தார். அப்பா, இருந்த நிலத்தை மனை மனையாக விற்றுவிட்டு, சீக்கிரமே அவரும் போய்ச் சேர்ந்தார். அக்கா இரண்டு எருமை வாங்கினாள். பல்லாவரத்தில் பெரிய உத்தியோகஸ்தர் வீடுகளுக்குப் பால் ஊற்றினாள். தம்பி பத்தாவதில் தவறினான். அக்கா திட்டவில்லை. "படிப்பு வரலன்னா இன்னா, கை கால் நல்லாத்தானே கீது" என்று ஒரு லாரியில் கிளீனராகச் சேர்த்துவிட்டாள். கிளீனர் லாரி டிரைவர் ஆனார். லாரி டிரைவர் கடைசியில் சொந்தமாக ஒரு டாக்சி வாங்கினார்.

கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. பெண் பார்க்கப் போனார்கள். ஒன்று இரண்டு இடம் கைகூடுகிற மாதிரி வந்து, ராஜகோபாலே ஏதோ ஒரு குறை சொல்லித் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. வயதும் ஓடிவிட்டது. அதற்காக அவர் சோகமாகத் திரிந்தார் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. ராத்திரி வீட்டுக்கு வந்தால் சூடாகக் குழம்பு இருக்கும். பகலில் நடந்ததை அக்காவிடம் சொல்வார். பின் சீட்டில் கேட்டதை மட்டும் சொல்ல மாட்டார். அக்கா அதைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்பாள்.

அக்காவுக்கு மறதி வந்தது எப்போது என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. பிறகு உப்பே விழவில்லை. ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தபோது, எப்போதோ விற்றுவிட்ட எருமைகளுக்காகக் கழுநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அக்கா கொல்லையில் நின்றிருந்தாள். தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் முடிவதற்குள் நிலைமை எங்கேயோ போய்விட்டது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் போய் நிற்பாள். வழி தெரியாமல் அழுவாள். ராஜகோபால் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கோபாலு, நான் இன்னாடா தப்பு பண்ணேன்?" என்று அக்கா கேட்பாள். அந்தக் குரலைக் காதில் வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்புவது இருக்கிறதே, அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு யாராலும் கொடுத்திருக்க முடியாது.

ஒருநாள் மனசு கேட்காமல் பூட்டாமல் போனார். அன்றைக்கே அக்கா ஒரு காலித் தூக்கை எடுத்துக்கொண்டு பல்லாவரத்துக்குப் பால் ஊற்றப் புறப்பட்டுவிட்டாள். தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ராத்திரியெல்லாம் காய்ச்சல். குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

காய்ச்சல் இறங்கியது. கட்டுப் போட்ட கையும் தேறிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா ராஜகோபாலைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே இவங்களத் தனியா விடக்கூடாது. இந்த மறதி கூடுமே தவிர குறையாது. பகல் பூரா யாராவது பக்கத்துல இருக்கணும். வீட்ல யார் இருக்காங்க?"

"நான் இருக்கறேன் டாக்டர்."

"நீங்க வேலைக்குப் போனா?"

ராஜகோபால் சட்டைப் பையிலிருந்த வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

மேடவாக்கம் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருப்பதாகச் சவுரிமுத்துதான் சொன்னான். ஓய்வு பெற்ற நர்ஸ் லோகநாயகி தன் சொந்த வீட்டிலேயே நடத்தி வந்தார். மறதி உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்வார். ராஜகோபால் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு வேளையில் போய் நின்றார். பழைய வண்டி வாங்கப் போகிறவர் அடியில் படுத்துப் பார்ப்பது போல எல்லாவற்றையும் பார்த்தார். குளியலறைக்குள் போய் மூச்சை இழுத்தார். சாம்பார் வாங்கி ருசி பார்த்தார். அங்கிருந்த கிழவர்கள், கிழவிகளின் கைநகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் வெட்டித்தான் இருந்தது.

"நம்பிக்கை வரலையா?" என்று கேட்டார் லோகநாயகி.

"உங்க மேல நம்பிக்கை இருக்கு சிஸ்டர். என் மேலதான் இல்ல" என்றார் அவர்.

இடம் நன்றாக இருந்தது. அதில் சந்தேகமில்லை. ஆனால் தன்னை வளர்த்தவளைத் தானே கொண்டுபோய் அந்நியர் வீட்டில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுக்கத் தன்னால் முடியுமா? பொழிச்சலூரில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். "என்னை ஏண்டா இங்க வுட்டுட்டுப் போற?" என்று அக்கா கேட்டால் என்ன சொல்வது? ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தரம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார். ஒருதரம்கூட முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று, அக்காவை நேராக மேடவாக்கத்துக்குக் கூட்டிப்போகச் சவுரிமுத்துவும் வந்திருந்தான்.

"அண்ணா, சாவியக் குடு. நான் ஓட்டறேன். நீ அக்கா பக்கத்துல குந்திக்கினு வா."

"வேணாம்பா. கிளட்ச் கொஞ்சம் வெட்டும். உனக்கு வராது."

"எனக்கு வராத கிளட்ச்சா? சரி, என் வண்டியில போலாம். ரெண்டு பேரும் பின்னால குந்துங்க."

"உன் வண்டி குதிக்கும். அக்காக்குக் கை வலிக்கும்."

சவுரிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். "அக்காவத் தனியா பின்னால குந்த வச்சி நீ முன்னால போனா அது சவாரிண்ணா. அப்புறம் எங்கிட்ட வந்து சொல்லாத."

ராஜகோபால் கேட்கவில்லை. பின் சீட்டில் தலையணை வைத்து, அக்காவை மெதுவாக ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, முன்னால் போய் உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். பின்னாலிருந்து குரல் வந்தது.

"டிரைவர்."

அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்தார்.

"டிரைவர், இந்தக் கண்ணாடிய ஏத்து. காத்து மூஞ்சில அடிக்குது."

அவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். குனிந்து, "அக்கா, நான் கோபாலுக்கா" என்றார்.

கங்கையம்மாளின் முகம் மலர்ந்தது. "அப்பிடியா? எந் தம்பி பேரும் கோபாலுதாம்ப்பா. லாரியில கீறான். சூட்டிகையான பையன். என்னைக்கினா ஒரு நாள் உன்ன மாதிரி சொந்தமா டாக்சி வாங்குவான், பாரு."

ராஜகோபால் திரும்பி வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். சவுரிமுத்து சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

குரோம்பேட்டை ரயில் கேட் சாத்தியிருந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, இரண்டு பக்கமும் சைக்கிள்கள். இன்ஜினை அணைத்தார். பின்னால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு விளக்கிச் சொல்லிவிடலாம் என்று கதவில் கை வைத்தார். அதற்குள் அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள். பின் சீட்டில் பேச்சு ஆரம்பித்தால் அடங்கிப்போகிற பழக்கம் உடம்பில் ஊறியிருந்ததால், கை தானாகக் கதவிலிருந்து இறங்கியது.

"நான் வூட்ட வுட்டுப் போறேன் டிரைவர். எந் தம்பிக்குத் தெரியாது. எங்கனா அவனப் பாத்தா சொல்லிப்புடாத."

அவர் கண்ணாடியில் பார்த்தார். அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் கதை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

"அனகாபுத்தூர்ல ஒரு பொண்ணு பாத்தோம். கண்ணாடி போட்ட பொண்ணு. நல்ல கொணம். இவன் வூட்டுக்கு வந்து, 'பொண்ணு ரொம்ப ஒசரம், எனக்கு வேணாம்'னுட்டான். பொய்யி. அந்தப் பொண்ணு இவன் தோளுக்குத்தான் வருவா. நான் பக்கத்துல நின்னு பாத்தவ, எனக்குத் தெரியாதா?"

ராஜகோபால் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து முன்னாலிருந்த லாரியைப் பார்த்தார்.

"இன்னா நடந்துச்சின்னா, பொண்ணோட அம்மா இவனக் கொல்லப்பக்கம் கூட்டிக்கினு போயி, 'அக்காக்காரியும் உங்க கூடவேதான் இருப்பாளா?'ன்னு கேட்டா. நான் கை கழுவப் போனவ, செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்தேன். இவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'அது எங்க அக்கா வூடு. நாந்தான் அவங்க கூட இருக்கறேன்'னான்."

மின்சார ரயில் ஒன்று தாம்பரம் பக்கம் ஓடியது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வர வேண்டும்.

"அன்னிக்கே போயிருக்கணும். போவ மனசு வரல. இப்பதான் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் எங்கனா நல்ல எடமாப் பாத்து இருந்துக்கினா, அவனுக்குப் பொண்ணு குடுப்பாங்க. நான் கூடவே குந்திக்கினு கீறதாலதான அவன் வாழ்க்க இப்பிடிக் கீது?"

டாக்சி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து பின் சீட்டுப் பேச்சில் ராஜகோபால் குறுக்கே வந்ததே இல்லை. அன்றைக்கு வந்தார்.

"அப்பிடியெல்லாம் இல்லம்மா. அவரு நல்லாத்தான் கீறாரு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க ஸ்டாண்டுக்கு வருவாரு. தெனம் பாக்கறேன்."

"கல்யாணம் ஆவலன்னு வருத்தப்படறானா?"

"இல்லம்மா. அவரா வேணாம்னு இருந்துட்டாரு. அவங்க அக்கா இருக்கற வூடு அவருக்குப் போதுமா இருந்துச்சி. யாராலயும் எதுவும் கெட்டுப் போவல."

அக்கா முன் சீட்டுப் பக்கம் சாய்ந்தாள். "மெலிஞ்சிட்டானா?"

"தொப்ப வச்சிக்கீறாரு."

"தொப்பையா?" கங்கையம்மாள் சிரித்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். ராஜகோபாலும் சிரித்தார். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட் திறந்து, பின்னாலிருந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.

கீழ்க்கட்டளை தாண்டி மேடவாக்கம் வரும் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். தம்பிக்கு மீன் குழம்பு என்றால் உயிர் என்று அக்கா சொன்னாள். எனக்கும்தான் என்றார் டிரைவர்.

இல்லத்தின் முன்னால் வண்டி நின்றது. லோகநாயகி வாசலுக்கு வந்து நின்றார். அக்கா இறங்கவில்லை. ஜன்னல் வழியாக வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே தாழ்வாரத்தில் வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் உரக்கப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கங்கையம்மாளின் முகத்தில் பயம் வந்தது.

"டிரைவர், நீ நாலு எடத்துக்குப் போறவன். இது நல்ல எடமா? உள்ளதச் சொல்லு."

இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டு, எத்தனையோ பேருக்குத் தெரியாது என்று சொன்னவர் அவர். இப்போது திரும்பி, சீட்டின் மேல் கையை ஊன்றி, அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நல்ல எடம்மா. நான் உள்ள வந்து பாத்துக்கீறேன். எங்க அக்காவா இருந்தா இங்கதான் கொண்டாந்து வுடுவேன்."

"உனக்கும் அக்கா கீறாளா?"

"கீறாங்க."

"அவளுக்கும் முடியலையா?"

"ஆமாம்மா. வூட்ல தனியா வுட முடியல. வெளிய பூட்டிக்கினு போறேன்."

"அடப்பாவி. பூட்டிக்கினா போற?" என்றாள் அக்கா. "அவளக் கேட்டியா, இங்க வந்து இருக்கறியான்னு?"

"கேக்கல. எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியல. பயமாக் கீது."

"இதுல இன்னா பயம்? கேளு. நல்லதுக்குத் தம்பி சொன்னா எந்த அக்கா வேணாம்னு சொல்லுவா? நானா இருந்தா சரின்னுதான் சொல்லுவேன்." சொல்லிவிட்டு, நல்ல கையால் கதவுப் பிடியைத் தேடினாள். "தொற. எவ்வளோ நேரம் குந்திக்கினு இருக்கறது?"

அவர் கதவைத் திறந்து, தோளைக் கொடுத்து இறக்கிவிட்டார். லோகநாயகி கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா படியேறினாள். டிரைவரைத் திரும்பிப் பார்த்து, "நீ போய்ப் பொழப்பப் பாரு" என்றாள். ராஜகோபால் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார்.

முதல் இரண்டு மூன்று நாள் அக்கா ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டாள் என்று லோகநாயகி சொன்னார். பிறகு பழகிவிட்டது. காலையில் பால் வந்ததும் அக்கா போய் விரலால் தொட்டுப் பார்த்து, "தண்ணி ஊத்திக்கீறான்" என்று பால்காரரை விரட்ட ஆரம்பித்தாள். பால்காரர் லோகநாயகியிடம் புகார் செய்தார். ஆனால் பால் கொஞ்சம் கெட்டியானது.

பொழிச்சலூரில் பேசத்தான் செய்தார்கள். எதிர்வீட்டு ரத்தினம் வாசலில் நின்றுகொண்டு, "அக்காவக் கொண்டுபோயி எங்கயோ வுட்டுட்டியாமே கோபாலு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

"எங்கயோ இல்ல. மேடவாக்கத்துல" என்றார் ராஜகோபால். "அவங்களக் கேட்டுத்தான் வுட்டேன். ஞாயித்துக்கிழம வர்றியா? வண்டியில கூட்டிக்கினு போறேன், நீயே வந்து பாரு." ரத்தினம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே தன் வீட்டுக்குள் போனார். ராஜகோபால் உள்ளே போய்ச் சோறு வடித்தார். குழம்பு சுமாராகத்தான் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், வெகு நாளைக்குப் பிறகு விடியும் வரை தூங்கினார்.

அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் இல்லத்துக்குப் போகிறார். சில நாள் அக்காவுக்கு அவர் கோபாலு. அப்போது, சாப்பிட்டாயா, ஏன் சட்டையில் பட்டன் இல்லை என்று கேட்பாள். சில நாள் அவர் டிரைவர். அப்போது தம்பியைப் பற்றி நிறையச் சொல்வாள். அந்தக் கதைகளில் பாதி அவருக்கே புதிது. எந்த நாள் எப்படி அமையும் என்று அவர் கவலைப்படுவதை விட்டுவிட்டார்.

வெள்ளைப் புடவை அம்மாளுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. அவர் பெயர் அபிதகுஜாம்பாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். தப்பு எங்கே இருந்தாலும் திருத்தாமல் விடமாட்டார். போன ஞாயிற்றுக்கிழமை ராஜகோபால் உள்ளே வந்ததும் கங்கையம்மாள், "வா டிரைவர், குந்து" என்றாள்.

"கங்கையம்மா, எத்தனை தடவை சொல்றது? இவர் டிரைவர் இல்ல, உன்னோட தம்பி" என்றார் அபிதகுஜாம்பாள் பேப்பரை மடக்கிக்கொண்டே.

கங்கையம்மாள் ராஜகோபாலை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு அபிதகுஜாம்பாள் பக்கம் திரும்பினாள்.

"தம்பியா இருந்தா இன்னா, டிரைவரா இருந்தா இன்னா டீச்சர்? அவ்வளோ தூரத்துலேர்ந்து வெயில்ல வந்து கீறான். மொதல்ல ஒரு காப்பி குடுக்கச் சொல்லுங்க."

காப்பி வந்தது. அவர் குடித்து முடிக்கும் வரை அக்கா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லட்டா?" என்றாள்.

"ஊத்தச் சொல்லுக்கா" என்றார் ராஜகோபால்.